நாலு வீட்டுப் பூனைக்கு ஊசி

1

உம்மா அன்று காட்டிக்கொண்டிருந்தது பூனையை அல்ல, புதுத் திரைச்சீலையை. நோன்பு வருகிறதென்று வீட்டுக்குப் பெயின்ற் அடித்து, ஹோலுக்குப் பச்சைத் துணியில் திரை தைத்துப் போட்டிருந்தார். நான் வெளிநாட்டில், லூட்டன் நகரத்தில் ஒரு பஸ் தரிப்பில் கையுறையைக் கழற்றிவிட்டு நின்று, கைபேசியில் அந்தப் பச்சையைப் பார்த்து நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது திரைக்குக் கீழே எங்கள் பூனை கறுவல் நடந்து போனான்.

அவன் நடந்த விதம் சரியில்லை. பூனை விரல் நுனியில் நடக்கிற பிராணி. இவன் பின்னங்கால் இரண்டையும் குதிகால் வரை தரையில் பதித்து, செருப்பு இழுபடுகிற ஆளைப்போலப் போனான். முதுகெலும்பு தெரிந்தது. நேரே குளியலறை வாளிக்குப் போய்த் தலையை உள்ளே விட்டான்.

"உம்மா, திரைய விடுங்க. கறுவலக் காட்டுங்க."

"அவனுக்கென்ன? தண்ணி குடிக்கான். இப்ப நாள் முழுக்க அவனுக்கு அதான் வேல."

என்னுடைய பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அதே நடையை அன்று காலையில்தான் வேலைத்தலத்தில் வேறொரு பூனையிடம் பார்த்திருந்தேன். அந்தப் பூனைக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. ஊசி போடுகிற ஆள் நான்.

நினைப்பு வந்தது அங்கேதான், குளிரில், அடுத்த பஸ்ஸுக்கு நின்றுகொண்டு. கறுவலுக்கும் அதே வருத்தம் என்றால் அதை எங்கள் ஊர் கல்முனைக்குடியில் வைத்தே பார்க்கலாம். சீனி பார்க்கிற மீட்டர் வாப்பாவிடம் இருக்கிறது, அவரும் சீனிக்காரர். பொறுமை உம்மாவிடம் இருக்கிறது. சொல்லிக்கொடுக்க நான் இருக்கிறேன். வேறென்ன வேண்டும்? வேறென்ன வேண்டும் என்பதை அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கிழமையும் எனக்குச் சொல்லித் தந்தது.

2

என் வேலையைப் பற்றி ஊரில் இரண்டு கதை உலாவுகிறது. நான் மிருக ஆஸ்பத்திரியில் இருப்பதாக உம்மா சொல்லி வைத்திருக்கிறார். வாப்பா உள்ளதைச் சொல்லிவிடுவார்: "பூனைக்கு லொட்ஜ் ஒண்டு. மகள் அங்க அறை கூட்டுற ரூம்போய்."

வாப்பா சொல்வதுதான் உண்மை. இங்குள்ளவர்கள் விடுமுறைக்குப் போகும்போது பூனையைக் கொண்டுவந்து பணம் கட்டி விட்டுவிட்டுப் போவார்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கூடு, மெத்தை, சுவரில் வெப்பமூட்டி. ஊரில் உயிர் இரசாயனம் படித்து, இங்கே வந்து அதற்கு மேலும் ஒன்று படித்து, ஆய்வுகூட வேலைக்கு விண்ணப்பம் அனுப்பிக்கொண்டே நான் அந்தக் கூடுகளைக் கழுவுகிறேன். சீனி வருத்தக்காரப் பூனைகளை என்னிடம் தந்ததற்குக் காரணம் என் படிப்பு அல்ல. கூட வேலை செய்கிற இரண்டு பெண்களுக்கும் ஊசியென்றால் பயம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதலாளியம்மா, உன் வீட்டில் பூனை உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். வீட்டுக்குள் வளர்ப்பதா, வெளியிலா? இரண்டும். யாருடைய பூனை, உன்னுடையதா உன் பெற்றோருடையதா? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் வரவில்லை. என் ஆங்கிலம் போதவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டு பேச்சை மாற்றினார்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்குத்தான் வீடு கட்டிக் கொடுப்பார்கள். உம்மாவுக்கும் அவருடைய மூன்று தங்கைமாரான என் சாச்சிமாருக்கும் ஒரே வளவுக்குள் நாலு வீடு. நடுவில் வேலி இல்லை. எனக்கென்று போட்ட ஐந்தாவது அத்திவாரம் கல்லடுக்கோடு நிற்கிறது. கறுவல் அந்த அத்திவாரத்தில் பிறந்தவன். நாலு வீட்டுக் குசினி அடுப்பும் அவனுக்குத் தெரியும். ஆனால் நான் விமானம் ஏறிய கிழமை அவன் என் கட்டிலில் வந்து படுத்தான். உம்மா எழுப்பிவிடவில்லை. படுக்கை விரிப்பையும் மாற்றவில்லை. அதற்குப் பிறகு அவன் படுக்கிற வீடு எங்களுடையது.

ஆகவே உம்மாவிடம், கறுவலைக் கவனிக்காவிட்டால் போய்விடுவான் என்று நான் சொன்னபோது அவர் வேறு கேள்வி கேட்கவில்லை. ஓட்டோவுக்குச் சொல் என்று வாப்பாவிடம் சொன்னார்.

3

மிருக வைத்தியர் ஒரு பெண். ஆலையடிவேம்பைச் சேர்ந்தவர். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். மூடி போட்ட பிளாஸ்டிக் கூடையைத் திறந்து பார்த்துவிட்டு அவர் சொன்னதை உம்மா எனக்கு அப்படியே ஒப்புவித்தார்: "மாட்டுக்கு வாறாங்க உம்மா, ஆட்டுக்கு வாறாங்க. பூனைக்குச் சீனி பாக்கச் சொல்லி நீங்கதான் முதல் ஆள்."

ஆனாலும் பார்த்தார். வாப்பாவின் மீட்டரிலேயே பார்த்தார். காது விளிம்பில் ஒரு குத்து. திரையில் வந்த எண்ணை வாப்பா தன் கடைசி எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "இவன் என்னைய வெண்டுட்டான்" என்றார்.

டொக்டர் தனக்குப் படிப்பித்தவர்களிடம் விசாரித்து, மனிதருக்குப் போடுகிற நீண்ட நேர இன்சுலினில் மிகச் சிறிய அளவு, நாளுக்கு இரண்டு முறை என்று எழுதிக்கொடுத்தார். முதலில் சாப்பாடு, பிறகு ஊசி. சாப்பிடாவிட்டால் ஊசி இல்லை, தனக்கு அழைக்க வேண்டும். வாப்பாவின் மருந்தில் கை வைக்கக் கூடாது. சீனி கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. எல்லாவற்றையும் சொன்னார். நானும் சொன்னேன். ஆனால் நான் அதிகம் கத்தியது இனிப்பைப் பற்றி. ஒரு பருக்கை இனிப்பும் வாயில் படக் கூடாது என்று ஒவ்வொரு அழைப்பிலும் சொன்னேன். வீட்டில் மனதில் நின்றது அது ஒன்றுதான்.

உம்மா என்னிடம் கேட்டது ஒரே ஒரு சந்தேகம். இந்த மருந்து என்னத்தில செய்யிறது? அவர் கேட்ட பிறகுதான், லூட்டனில் தினமும் நான் கையில் எடுக்கிற பூனை இன்சுலின் போத்தலின் துண்டுப் பிரசுரத்தை முதல்முறையாக முழுக்க வாசித்தேன். பன்றியிலிருந்து எடுத்தது. நல்ல காலம், டொக்டர் எழுதியது அதுவல்ல. உம்மாவுக்கு ஊர் மருந்தில் பன்றி இல்லை என்று மட்டும் சொன்னேன், இங்கத்தைய போத்தலைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பிறகு செலவு. வாப்பாவின் குளிசை மருந்து கிளினிக்கில் சும்மா கிடைக்கும். கறுவலுடையது பாமசியில் காசுக்கு. ஒரு போத்தலில் அவனுக்குப் போவது சில துளிகள்தான், மிச்சம் நாள் கடந்து கொட்டுப்படும். அதைக்கூடத் தாங்கலாம். தாங்க முடியாதது, மீட்டரில் செருகுகிற பட்டி. ஒரு குத்துக்கு ஒரு பட்டி, திரும்பப் பாவிக்க முடியாது. ஊரில் அதன் விலையைக் கேட்டபோது வாப்பா ஏன் மாதக்கணக்காகத் தன் சீனியைப் பார்க்காமல் இருந்தார் என்பது எனக்கு விளங்கியது. அதைப் பற்றிக் கேட்டேன். "நான் நல்லாத்தான் இரிக்கன், நீ பூனையப் பாரு" என்று முடித்துவிட்டார்.

நான் இங்கிருந்து பட்டி அனுப்பினேன். பார்சல் நடுவழியில் நின்றது. பார்சல் கம்பனிக்கு அழைத்தபோது ஒரு பண்பான மனிதர் நோயாளியின் பெயர் கேட்டார். சொன்னேன். வயது? எட்டு. அப்படியென்றால் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் வேண்டும் என்றார். பூனை என்றேன். பூனைக்கான பத்திரம் எது என்று தனக்குத் தெரியாது, மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். மேலே இருந்தவருக்கும் தெரியவில்லை. பார்சல் லூட்டனுக்கே திரும்பி வந்தது.

இரண்டாவது தடவை வாப்பாவின் பெயரில், அவருடைய கிளினிக் அட்டையோடு அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்தது. பொய் இல்லை, அவரும் நோயாளிதான். ஒரு பெட்டிப் பட்டி இருவருக்கும் பொது.

பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வாப்பா அழைத்தார். நான் சனி ஞாயிறும் வேலைக்குப் போவதும், மத்தியானச் சாப்பாட்டை வெறும் பாண் துண்டோடு முடிப்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இந்தப் பெட்டி முடியும் மட்டும் நான் வாய் தெறக்க மாட்டன். அதுக்குள்ள அவன்ட சீனி ஒரு பிடிக்கு வரல்லியெண்டா, ஊசிய நிப்பாட்டிர வேணும். பூனை சாகப்படா எண்டு புள்ள பட்டினி கிடக்கிறதுக்கு நான் சம்மதிக்க மாட்டன்."

உம்மா பின்னாலிருந்து எதையோ சொன்னார். வாப்பா திரும்பவில்லை. அதற்குப் பிறகு உம்மா பட்டியைச் சிக்கனமாக்கினார். நாளுக்கு ஒரு குத்து. அதற்கு மேல் இல்லை.

4

நோன்புத் தலைப்பிறை கண்டவுடன் நேரங்கள் எல்லாம் மாறின. காலை ஊசி விடியுமுன் சாப்பிடுகிற சஹருக்கு, மாலை ஊசி நோன்பு திறந்த பிறகு. டொக்டர் யோசித்துவிட்டுச் சரி என்றார். குத்துவதும் சஹர் நேரத்தில்தான், ஏனென்றால் அப்போதுதான் உம்மா எழும்பி நிதானமாக இருப்பார். அந்த எண்ணைக் குரல் பதிவாக அனுப்புவார். நான் காலையில் பஸ்ஸில் கேட்பேன். பின்னால் பாத்திரச் சத்தம், சாச்சி வீட்டுப் பேச்சு, பள்ளிவாசல் ஒலிபெருக்கி.

எண் இறங்கவில்லை. ஒவ்வொரு நாளும் உச்சத்தில். நான் கணினியில் கோடு போட்டு, டொக்டருக்கு அனுப்பி, கூட்டலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் அரை அலகு கூட்டினார். ஒரு கிழமை பார்த்துவிட்டு இன்னொரு அரை. அளவு கூடக் கூட, வேலை நடக்கிறது என்ற உசார் எனக்கு. பெட்டி பாதிக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. வாப்பா சொன்னது காதுக்குள் இருந்தது. எப்படியாவது பெருநாளுக்கு முன் எண்ணை இறக்கிவிட வேண்டும்.

பகலில் கறுவல் நல்ல அமைதி என்று உம்மா சொன்னார். பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு எங்காவது நிழலில் படுத்துவிடுவானாம், கூப்பிட்டால் தலையை மட்டும் தூக்குவானாம். "அவனும் நோம்பு" என்று வளவு முழுக்கப் பகிடி. நானும் சிரித்தேன். அதை வேலையிடத்திலும் சொன்னேன், அவர்களும் சிரித்தார்கள்.

5

நோன்பு பாதிக்கு மேல் போயிருந்தது. இங்கே மத்தியானத்துக்குக் கிட்ட, ஊரில் பின்னேர அஸர் தொழுகை முடிந்த நேரம். நான் கூடுகளுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். உம்மா அந்த நேரத்தில் அழைக்கிறவர் அல்ல. கஞ்சி அடுப்பில் இருக்கிற நேரம் அது.

கைபேசியைப் பிடித்திருந்தது சாச்சி. உம்மாவுக்கு நேரே இளைய தங்கை, அடுத்த வீடு. படம் ஆடியது. சீமெந்துத் தரையில் கறுவல் பக்கவாட்டில் கிடந்தான். தலை ஒரு பக்கம் இழுத்து இழுத்து ஆடியது. முன்னங்கால் இரண்டும் தண்ணீரில் நீந்துவதுபோல் அசைந்தன. கண் திறந்திருந்தது, எதையும் பார்க்கவில்லை. அத்திவாரத்துக் கல்லடுக்குக்குள் கிடந்தவனைச் சாச்சிதான் கண்டு தூக்கி வந்திருக்கிறார்.

"சீனி உச்சத்துக்கு ஏறிட்டு மகள்," என்றார் உம்மா. "ஊசி எடுத்துட்டன். நோம்பு தொறக்கிற மஹ்ரிபு மட்டும் பாத்துக்கிட்டு இரிக்க ஏலா. இப்பவே போடுறன்."

அவர் கையில் ஊசி தெரிந்தது. மூடி கழற்றியாகிவிட்டது.

"உம்மா, ஊசியக் கீழ வைங்க."

"ஒரு மணித்தியாலம் முந்திப் போட்டா என்ன, நீ பாக்கியா இவன்ட கோலத்த."

"கீழ வைங்க. ஏறல்ல, இறங்கிட்டு. போட்டா செத்துருவான்."

செத்துருவான் என்று நான் சொன்னது அங்கே எல்லோரையும் நிறுத்திவிட்டது. எங்கள் ஊரில் சீனி வருத்தக்காரர் மயங்கி விழுந்தால் சீனி கூடிவிட்டது என்றுதான் சொல்வோம். குறைந்துவிட்டது என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. உம்மாவின் மனதில் வேறு ஒன்று வர வழியே இல்லை. எனக்கும் நிச்சயமில்லை. ஆறாயிரம் மைலுக்கு இந்தப் பக்கம் நின்று, ஆடுகிற படத்தைப் பார்த்துச் சொல்கிறேன். பிழையாக இருந்தால்?

"குத்திப் பாருங்க."

"காலையில ஒண்டு குத்தியாச்சே."

பட்டியைச் சேமித்துச் சேமித்து அது அவருக்குக் கைப்பழக்கம் ஆகிவிட்டது. உயிர் போகிற நேரத்திலும் இன்றைக்குரியது முடிந்துவிட்டது என்ற கணக்கு. அப்போது வாப்பாவின் குரல் பின்னாலிருந்து வந்தது.

"குத்து. அது என்ட பங்கு. குத்து."

பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. காதிலிருந்து இரத்தம் வரவில்லை. சாச்சி காதைத் தேய்த்தார். இன்னொரு குத்து. மீட்டரை உம்மா கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். "நம்பர் வரல்ல. எல், ஓ எண்டு ரெண்டு எழுத்து."

அளக்க முடியாத அளவுக்குக் குறைவு.

"இனிப்புக் குடுங்க உம்மா. இப்ப. சர்பத்துப் பாணி இரிக்கா?"

சாச்சி மெதுவாகக் கேட்டார்: "சீனிக்காரனுக்குச் சீனியா புள்ள?"

"ஒரு பருக்கையும் குடுக்கப்படா எண்டு செல்லிச் செல்லி நீதானே என்னைய ஏசின," என்றார் உம்மா.

"நான்தான் சொன்னன். இப்ப குடுக்கச் சொல்றதும் நான்தான். வாயில ஊத்தாதீங்க, புரைக்கேறும். விரல்ல எடுத்துப் பல்லு முரசில தடவுங்க."

இந்த நேரம் பார்த்து முதலாளியம்மா ஒரு தம்பதியை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார். கையில் பெரிய செம்பட்டைப் பூனை. இரவில் வெப்பமூட்டி வேலை செய்யுமா, இவனுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டார். கைபேசி என் ஏப்ரன் பைக்குள். அதற்குள்ளிருந்து உம்மா, "வாய் இறுகிட்டு, விரல் போகுதில்ல" என்று சொல்வது கேட்கிறது. வேலை செய்யும், ஒவ்வொரு கூட்டுக்கும் தனியாக உண்டு, என்று நான் சிரித்துக்கொண்டு சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பைக்குள் குனிந்து, "கன்னத்துக்குள்ளால தடவுங்க" என்றேன். அந்தப் பெண் கணவனைப் பார்த்தார். முதலாளியம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர்களை அடுத்த கூட்டுக்குக் கூட்டிப் போனார். பிறகும் அதைப் பற்றி அவர் கேட்கவில்லை.

நான் பின்பக்கக் களஞ்சியத்துக்கு ஓடினேன். மீண்டும் படம். உம்மாவின் கை மணிக்கட்டு வரை சிவப்புப் பாணி. நோன்போடு, தரையில் முழந்தாளில் இருந்து, விரலைத் தடவுவதும் பார்ப்பதும். சாச்சி ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். கால்களின் நீச்சல் குறைந்தது. அது நல்லதா, முடிவா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் ஆளில்லை. டொக்டர் எங்கோ மாட்டுப் பட்டிக்குப் போயிருந்தார், அழைப்புப் போகவில்லை.

எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. உம்மாதான் சொன்னார்: "நாக்க நீட்டுறான்."

நீட்டினான். விரலை நக்கினான். தலை ஆட்டம் நின்று, சாச்சியின் முந்தானையை மோந்து பார்த்தான். அவித்த மீனைக் கிட்ட வைத்ததும் படுத்தபடியே தின்றான். அங்கே பள்ளிவாசலில் மஹ்ரிபுப் பாங்கு கேட்டது. உம்மா ஒட்டுகிற கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்க, சாச்சி ஒரு பேரீச்சம்பழத்தை அவர் வாயில் வைத்தார். நான் களஞ்சியத்தில் பூனை மண் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இங்கே நோன்பு திறக்க இன்னும் அரைநாள் இருந்தது.

6

டொக்டர் அன்று மாலையே அழைத்து, இரவு ஊசி வேண்டாம் என்றார். அடுத்த நாள் வீட்டுக்கே வந்தார். நானும் கைபேசியில் இருந்தேன். கறுவலைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: நேற்று சஹருக்கு என்ன தின்றான்?

உம்மா தான் வைத்ததைச் சொன்னார். அளந்து வைத்த மீன், அவ்வளவுதான். நான் போட்ட அட்டவணையிலும் அதுதான் இருந்தது. உம்மா ஒரு நாளும் பொய் சொல்லவில்லை.

சாச்சி கதவு நிலையில் நின்றவர், "நானும் ரெண்டு துண்டு போட்டன்" என்றார்.

"எப்ப?"

"சஹருக்குத்தான். அக்கா ஊட்ட போறதுக்கு முந்தி எங்கட ஊட்ட வருவான்."

பிறகு மற்றச் சாச்சிமார் இருவரையும் கூப்பிட்டு விசாரித்தோம். ஒருவர் வீட்டில் கோழி ஆணம் ஊற்றிய சோறு. மற்றவர் வீட்டில் தயிரும் வாழைப்பழமும் சீனியும் போட்டுப் பிசைந்த சோறு, பிள்ளைகள் மிச்சம் வைத்தது. நாலு வீட்டிலும் சஹருக்கு விளக்கு எரிகிறது. நாலு வீட்டுக்கும் போய் வந்துதான் அவன் உம்மாவின் குத்துக்குக் காதைக் கொடுத்திருக்கிறான். எண் உச்சத்தில் வராமல் என்ன செய்யும். அந்த எண்ணைப் பார்த்து நாங்கள் மருந்தைக் கூட்டினோம். விடியலில் சுபஹுப் பாங்கு சொன்னதும் நாலு குசினியும் மூடிவிடும். மற்ற மாதங்களில் பத்து மணிக்கு ஒரு வீட்டில் மீன் குடல், பன்னிரண்டு மணிக்கு இன்னொரு வீட்டில் சோறு என்று கிடைக்கிறவனுக்கு, நோன்பில் அந்தி வரை ஒன்றுமில்லை. கூட்டிய மருந்து வெறும் வயிற்றில் வேலை செய்தது. லுஹருக்குப் பிறகு அவன் படுத்துக் கிடந்தது அமைதியால் அல்ல.

ஒருவரும் எதையும் மறைக்கவில்லை. தான் போடுவது மட்டும்தான் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். சாச்சிக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

"நோம்பு நாளையில வாயில்லாச் சீவன் சோத்துச் சஹனுக்குக் கிட்ட வந்து குந்தினா, எழும்பிப் போ எண்டு செல்ல ஏலுமா? நீங்க செல்லுவீங்களா டொக்டர்?"

டொக்டர் மாட்டேன் என்று ஒத்துக்கொண்டார்.

என் வேலையிடத்தில் ஒரு பூனைக்கு ஒரு கதவு, அதைத் திறக்கிற கை ஒன்று. அங்கே எது தின்றாலும் எனக்குத் தெரியும். அந்த அட்டவணையை அப்படியே தூக்கி எங்கள் வளவில் வைத்தேன். நாலு வீட்டு வாசலிலும் வளர்ந்த எனக்கு, அதில் நாலு நிரல் வேண்டும் என்று தோன்றவில்லை. நானே எத்தனை நாள் ஒரு வீட்டில் காலைச் சாப்பாடு, இன்னொரு வீட்டில் பகல் சாப்பாடு என்று தின்றிருக்கிறேன். உம்மா ஒரு நாளும் கணக்குக் கேட்டதில்லை.

7

பெருநாள் முடிந்துவிட்டது. ஊசி ஆரம்பத்தில் இருந்த சிறிய அளவுக்குத் திரும்பிவிட்டது. கறுவல் இப்போது சாப்பிடுகிறான், வாளிக்கும் போகிறான். குதிகால் இன்னும் தரையில்தான்.

டொக்டர் சொல்வது இது. சரியான அளவு எதுவென்று ஊகித்துக்கொண்டிருக்க முடியாது. ஒரு நாள் முழுக்க, விடியலிலிருந்து அந்தி வரை, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை குத்திப் பார்க்க வேண்டும். அன்று ஒரே கைதான் சாப்பாடு கொடுக்க வேண்டும். அப்படி ஒரு நாள் கிடைத்தால் தன்னால் அளவைப் பிடிக்க முடியும். பெட்டியில் மிச்சம் இருக்கிற பட்டி அந்த ஒரு நாளுக்குத்தான் காணும். பிடிபடாவிட்டால், ஊசி இல்லாமல், மீனும் தண்ணீருமாக, இருக்கிற மட்டும் இருப்பான். எவ்வளவு காலம் என்று கேட்டேன். டொக்டர் சொன்னார். அதை உம்மாவுக்குச் சொல்லவேண்டாம் என்று நினைத்திருந்தேன், அவர் பக்கத்திலேயே நின்றிருக்கிறார்.

வாப்பா தன் பேச்சை மாற்றவில்லை. ஆனால் நேற்றுப் பெட்டியைத் திறந்து பட்டிகளை எண்ணி, திரும்ப மூடி, குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்ததாக உம்மா சொன்னார்.

சாச்சிமார் மூவரும் அன்று கறுவலுக்கு ஒன்றும் போடுவதில்லை என்று உம்மாவின் கையில் அடித்துச் சொல்லியிருக்கிறார்கள். உம்மாவுக்கு அவர்களில் நம்பிக்கை உண்டு, கறுவலில் இல்லை. அவன் போய் ஒரு வாசலில் குந்தினால் அவர்கள் தோற்றுவிடுவார்கள் என்கிறார். ஆகவே அவனை அன்று அடைத்து வைக்க வேண்டும். எட்டு வருடத்தில் அவனை ஒருவரும் அடைத்ததில்லை. எங்கள் வளவில் பூனைக்கு என்று ஒரு கூடும் இல்லை.

சாச்சியின் கோழிக்கூட்டைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். இரண்டு நாள் மண் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, உள்ளே சாக்கு விரித்தாகிவிட்டது. இன்று படம் அனுப்பினார்கள். நான் நாளைக்கு லீவு எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு குத்துக்கும் கைபேசியில் இருப்பேன். டொக்டர் எண்ணுக்காகக் காத்திருப்பார்.

நாளை சுபஹுக்குப் பிறகு, ஒரு குசினியும் திறக்க முன்னர், கறுவலைத் தூக்கி உள்ளே விட்டுக் கதவைச் சாத்த வேண்டும். யார் சாத்துவது என்று நாலு வீட்டிலும் இன்னும் பேச்சு முடியவில்லை.